திறந்த வீடும் நம் மாணவர்களும்

ஊரை விட்டு வந்து வேற்று மாநிலத்தில் குடியேறியவர் எவருக்கும் அந்த முதல் நாள் எளிதில் மறப்பதில்லை. புது டில்லி நிலையத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக இறங்கியபோது நமக்கு இந்தி சரியாக வராது. டிசம்பர்க் குளிர் எப்படியிருக்கும் என்று தெரியாது. வண்டிக்காரர் கேட்ட வாடகை நியாயந்தானா என்பதும் தெரியாது. கையில் இருந்தது ஒரு விலாசம் மட்டுமே. அந்த விலாசத்துக்காரர் நமக்கு உத்தியோகம் வாங்கித் தரவில்லை, பணமும் கொடுக்கவில்லை. கரோல்பாக்கில் ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துச் சென்று, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு பேரிடம், "நம்ம ஊர்ப் பையன், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவைத்தார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லின் பலத்தில்தான் இந்த நகரத்தில் இத்தனை ஆண்டுகள் காலூன்றி நிற்கிறோம். மும்பையிலும் பெங்களூரிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய அன்பர்களுக்கும் இப்படி ஒரு விலாசமும் ஒரு மனிதரும் நினைவுக்கு வரக்கூடும்.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது, தெருவும் நிலையமும் இல்லாத ஒரு நகரத்தைப் பற்றி. அதில் குடியேற நம் பிள்ளைகள் விரும்புகிறார்கள். அழைத்துப் போவாரில்லாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். சிலர் உள்ளே நுழைந்து அவமானப்பட்டுத் திரும்பியும் வந்துவிடுகிறார்கள். திறந்த மூல மென்பொருள் என்னும் உலகம் அது.

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டுவதில்லை. நம் பிழைப்பு மத்திய அரசின் மொழிபெயர்ப்பு மேசையில் நடக்கிறது. ஆதலால் நமக்குத் தெரிந்த உவமையையே சொல்லுகிறோம். கணிப்பொறிக்கு வேண்டிய கட்டளைகளை நிரலாளர் முதலில் மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு மொழியில் எழுதுகிறார். அதுவே மூலம். பிறகு அது இயந்திரம் மட்டுமே படிக்கக்கூடிய எண்களாக மொழிபெயர்க்கப்படுகிறது. விலைக்கு விற்கப்படும் மென்பொருள்களில் பெரும்பாலானவற்றில் நம் கைக்கு வந்து சேருவது இந்த மொழிபெயர்ப்பு மாத்திரமே. மூலம் கம்பெனியின் பெட்டகத்துக்குள் பத்திரமாக இருக்கும். மூலத்தை மறைத்துவிட்டு மொழிபெயர்ப்பை மட்டும் கொடுத்தால், பிழை எங்கே என்று எவரால் சொல்ல முடியும்? நம் மேசைக்கு அப்படி ஒரு கோப்பு வந்தால், 'மூலத்தை இணைத்து அனுப்பவும்' என்று எழுதித் திருப்பிவிடுவோம். திறந்த மூல மென்பொருளில் மூலமும் கூடவே வருகிறது. அதைப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் வழங்கலாம். இவை யாரோ மனமிரங்கிக் கொடுத்த சலுகைகள் அல்ல. உரிமத்தில் எழுதிக் கொடுக்கப்பட்ட உரிமைகள்.

1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், எல்லாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய முழு இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக அறிவித்தார். க்னூ என்பது அதன் பெயர். 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், மற்றவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும் என்றும், முன்பின் அறியாத பலர் படிக்கும்படி ஒரு குறிப்பு எழுதினார். அந்தப் பொழுதுபோக்கே லினக்ஸ். இன்று நம் சட்டைப்பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு தொலைபேசியின் கருவாக இருப்பதும் அதுவே. உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளைப் பட்டியலிட்டு வெளியிடுகிறார்களே, அதில் 2017 நவம்பர் முதல் லினக்ஸ் அல்லாத பொறி ஒன்றுகூட இல்லை. 'திறந்த மூலம்' என்ற பெயர் 1998-இல்தான் பிறந்தது. ஸ்டால்மனுடைய கொள்கையினர் 'கட்டற்ற மென்பொருள்' என்ற பெயரையே விரும்புவர். இரண்டு பெயருக்கும் நடுவேயுள்ள சச்சரவுக்குள் இன்று நாம் புகப்போவதில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. டோர்வால்ட்ஸ் அன்று ஒரு மாணவர். வேலையை முடித்துவிட்டு வந்து சொல்லவில்லை. பாதியில் இருக்கும்போதே, குறையோடு, நாலு பேர் முன்னால் வைத்தார்.

இந்தத் துணிவுதான் நம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருக்கிறது. தேர்வுத்தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதப் பழகியவர்கள் அவர்கள். பக்கத்துப் பையன் பார்த்துவிடக் கூடாது என்று நாம்தானே சொல்லிக் கொடுத்தோம்! அந்த உலகிலோ எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதைப் பராமரிக்கும் ஒரு சிறு குடும்பம் உண்டு. சிலர் சம்பளத்துக்கு வேலை செய்வார்கள். மிகப் பலர் பகல் உத்தியோகத்தை முடித்துவிட்டு, இரவில் உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு செய்வார்கள். மூலத்தில் ஒரு பிழையைக் கண்ட எவரும், தம் கையால் திருத்திய படியை அவர்களுக்கு அனுப்பலாம். அதைத் திருத்த விண்ணப்பம் என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பவர் அதைப் படித்துக் கேள்வி கேட்பார். ஏற்பார், அல்லது மறுப்பார். கேள்வியும் பதிலும் மறுப்பும் உலகம் முழுவதும் படிக்கும்படி அங்கேயே இருக்கும். பல ஆண்டுகள் இருக்கும்.

திறந்த வீட்டில் ஏதோ ஒன்று நுழைந்தாற்போல என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். நுழைந்தது இன்னதென்று வானொலியில் விளக்க வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்தப் பழமொழி நடந்தே காட்டியது.

2014 முதல் ஒவ்வோர் அக்டோபரிலும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்றொரு திருவிழா நடந்துவருகிறது. புதியவர்களைத் திறந்த மூல உலகத்துக்கு அழைத்து வருவதே அதன் நோக்கம்; நல்ல நோக்கம். 2020-இல் இருந்த விதியின்படி, அந்த மாதத்தில் 4 திருத்த விண்ணப்பங்கள் அனுப்பி முதலில் முடிப்பவர் பல்லாயிரவருக்கு ஒரு பனியன் பரிசு. நம் நாட்டில் மிகப் பலர் பார்க்கும் ஒரு காணொலியில், விண்ணப்பம் அனுப்புவது எவ்வளவு எளிது என்று காட்டுவதற்காக, ஒரு திட்டத்தின் விளக்கக் குறிப்பில் பாராட்டுச் சொல் ஒன்றைச் சேர்த்து அனுப்பிக் காட்டினார்கள். எளியதைக் காட்டினால் எளியதைத்தானே செய்வார்கள்? அக்டோபர் பிறந்ததும் பிறவாததுமாக உலகெங்குமுள்ள பராமரிப்பாளர்களின் வாசலில் வெள்ளம் புகுந்தது. எங்கு பார்த்தாலும் 'மிக அருமையான திட்டம்' என்று ஒரு வரி சேர்த்த விண்ணப்பங்கள். இரவு உறக்கத்தைக் குறைத்து உழைப்பவர்கள், அந்த உறக்கத்தின் மிச்சத்தையும் குப்பை பொறுக்குவதில் செலவிட நேர்ந்தது. அக்டோபர் 3-ஆம் தேதியே விழாவை நடத்துவோர் விதியை மாற்றினார்கள்: தாமாக விரும்பிச் சேர்ந்த திட்டங்களுக்கு அனுப்புவது மட்டுமே கணக்கில் சேரும் என்று.

அந்தப் பாவத்தில் நாமும் பங்காளிகள். நம் குடியிருப்பில் மேல்மாடியில் ஒரு தமிழ்க் குடும்பம், தஞ்சாவூர்ப் பக்கத்தவர்கள். மகன் அப்போது பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். நோய்க்காலம் ஆதலால் கல்லூரி மூடிக் கிடந்தது. பையன் வந்து இந்தத் திருவிழாவைப் பற்றிச் சொன்னபோது, நாம் கேட்டது ஒரே கேள்வி: "சான்றிதழ் மாதிரி ஏதாவது கொடுப்பார்களா?" பனியன் கொடுப்பார்கள் என்றான். திருப்பூர்க்காரர்களுக்குச் சொந்தக்காரராகிய நமக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும், "நாலுதானே, ராத்திரிக்குள் அனுப்பிவிடு" என்று உற்சாகப்படுத்தினோம். அவன் அனுப்பினான். ஒரு குறிப்பில் 'எளிய' என்றிருந்ததை 'மிக எளிய' என்று மாற்றியதும் அவற்றுள் ஒன்று. மறுநாள் அதன்மேல் 'குப்பை' என்று பொருள்படும் முத்திரை விழுந்திருந்தது. அதன் கீழே, 'தயவுசெய்து எங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள்' என்று ஒரு வரி. அவனுடைய பெயரும் படமும் பக்கத்திலேயே இருந்தன. "இனிமேல் அங்கே எப்படி மாமா முகத்தைக் காட்டுவது?" என்று கேட்டான். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அந்தப் பக்கமே அவன் போகவில்லை.

எழுதியவர்மேல் குறை சொல்ல முடியாது. அவர் வாசலில் அன்று எத்தனை பேர் நின்றார்களோ! குறை எங்கே என்றால், கரோல்பாக் மெஸ்ஸில் நமக்குக் கிடைத்த அந்த அறிமுகம் இந்தப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. வீட்டார் யார், என்ன செய்கிறார்கள், அவர்களுக்கு எது தேவை என்று பார்ப்பதற்கு முன்பே, பந்தியில் இலை போட்டு உட்காரும்படி நாமே அவனை அனுப்பிவிட்டோம்.

அவன் திரும்பி உள்ளே போன கதை வேடிக்கையானது. 2022-இல், பழைய குடும்பப் படங்களை ஒழுங்குபடுத்தி வைக்க ஒரு திறந்த மூல மென்பொருளை நம் வீட்டுக் கணிப்பொறியில் அவனே நிறுவிக் கொடுத்தான். தமிழில் இருக்கிறதே என்று மகிழ்ந்து தமிழை இட்டோம். படத்தை வலப்புறமாகத் திருப்ப வேண்டிய பொத்தானில் 'சரியாகத் திருப்பு' என்று எழுதியிருந்தது! ஆங்கிலத்தில் 'ரைட்' என்ற ஒரே சொல் வலப்பக்கத்தையும் குறிக்கும், சரி என்பதையும் குறிக்கும், உரிமையையும் குறிக்கும். மொழிபெயர்த்த அன்பருக்குச் சொல் மட்டும் கிடைத்திருக்கிறது. அது எந்தப் பொத்தானில் உட்காரப்போகிறது என்று தெரியவில்லை. இருபது ஆண்டுகளாக இதே தொழிலைச் செய்பவர் பார்த்தால் சும்மா இருப்பாரா? அரைமணி நேரம் குறை சொல்லித் தீர்த்தோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த பையன், "யார் வேண்டுமானாலும் திருத்தலாம் மாமா. நீங்களே திருத்துங்களேன்" என்றான்.

அப்போதுதான் நமக்கு அந்த அச்சம் இன்னதென்று விளங்கிற்று. திருத்தலாமா? நாமா? யாரைக் கேட்டு? ஏற்கெனவே செய்தவர் வருத்தப்பட மாட்டாரா? நம் பெயர் தெரியும்படி எழுத வேண்டுமா? மத்திய அரசின் அறிக்கைகளை ஆயிரக்கணக்கான பக்கம் மொழிபெயர்த்தவர்கள், ஒரு பொத்தானின் இரண்டு சொல்லை மாற்ற நடுங்கினோம். அவனுக்கு வழி தெரியும், தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நமக்குத் தமிழ் வரும், வழி தெரியாது. ஆக இருவரும் ஒருவருக்கொருவர் அறிமுகக் கடிதமாகிச் சேர்ந்து போனோம்.

இம்முறை அவசரப்படவில்லை. முதல் வாரம் முழுவதும் படித்துக்கொண்டே இருந்தோம். புதிதாக வருபவர் எப்படிச் செய்ய வேண்டும் என்று பெரும்பாலான திட்டங்கள் ஒரு வழிகாட்டிக் குறிப்பு எழுதி வைத்திருக்கின்றன. பலர் அதைப் படிப்பதே இல்லை என்பது அங்குள்ளவர்களின் நிரந்தர வருத்தம். தீர்க்க வேண்டிய குறைகளின் பட்டியலும் வெளிப்படையாக இருக்கிறது. புதியவர் முதலில் எடுத்துக்கொள்ள ஏற்றவை இவை என்று சிலவற்றில் அடையாளச் சீட்டும் ஒட்டியிருப்பார்கள். தமிழ்க் குழுவினருக்கு நாலு வரியில் ஒரு கடிதம் எழுதினோம்: நாங்கள் இன்னார், இன்ன பொத்தானில் இந்தச் சொல் இப்படியிருக்கிறது, இப்படியிருந்தால் சரியாகும் என்று நினைக்கிறோம், உங்கள் வழக்கம் என்ன? ஆறு நாள் பதிலில்லை. பையன் சோர்ந்தான். ஏழாம் நாள் பதில் வந்தது, மன்னிப்புடன். குழு என்பதில் அப்போது இருந்தவர் அவர் ஒருவரே!

பிறகு ஒரு நல்ல வாதம் நடந்தது. 'திற', 'சேமி', 'அழி' என்று பொத்தான்களில் இருந்தவற்றை, 'திறக்கவும்', 'சேமிக்கவும்', 'அழிக்கவும்' என்று மாற்ற வேண்டும் என்றோம். மரியாதையில்லாமல் பேசலாமா என்பது நம் கட்சி. அவர் கேட்டார்: பொத்தானை அழுத்தும்போது யார் யாருக்குக் கட்டளையிடுகிறார்கள்? மனிதர் அல்லவா இயந்திரத்துக்கு இடுகிறார்? இயந்திரத்துக்கு என்ன மரியாதைப் பன்மை! ஆனால், 'கடவுச்சொல்லை உள்ளிடவும்' என்று இயந்திரம் நம்மை வேண்டும் இடத்தில் மரியாதை வேண்டியதே. நியாயம் அவர் பக்கம் இருந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வடிவம். தமிழில்தான் யார் யாரிடம் பேசுகிறார் என்று கேட்டுத் தீர வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் எந்தச் சுற்றறிக்கையும் கற்றுத் தராத பாடம் இது. பையன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். இலக்கணம் இவ்வளவு சுவையாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை எவரும் சொன்னதில்லை போலும்.

அந்த வாதத்திலிருந்துதான் அவனுக்கு உரிய வேலை பிறந்தது. படங்களை நீக்கினால் அந்த மென்பொருள் ஒரு செய்தி காட்டும். 'நீக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு துண்டு, பிறகு ஓர் எண், பிறகு 'படங்கள்' என்ற துண்டு, பிறகு எந்தத் தொகுப்பிலிருந்து என்பது ஒரு துண்டு என்று, சொற்களைத் தனித்தனியே கொடுத்து, நிரல் அவற்றை ஆங்கில வரிசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்படி மொழிபெயர்த்தாலும் தமிழில் வாக்கியம் தலைகீழாகத்தான் நிற்கும். தமிழில் தொகுப்பு முன்னே வர வேண்டும், வினை கடைசியில் வர வேண்டும். மேலும் ஒரு படமானால் 'நீக்கப்பட்டது'; இரண்டானால் 'நீக்கப்பட்டன'. மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. பிழை மூலத்தில் இருக்கிறது. முழு வாக்கியத்தையும் ஒன்றாகக் கொடுத்து, எண்ணுக்கும் பெயருக்கும் இடம் விட்டு, ஒருமைக்கும் பன்மைக்கும் தனி வடிவம் வைத்தால்தான் தீரும். அந்த வசதி அந்த நிரல்மொழியில் முன்பே இருந்தது, எழுதியவர் பயன்படுத்தவில்லை. அவருக்குத் தமிழ் தெரியாதே!

பையன் மூலத்தைத் திறந்தான். முதலில் திருத்தி அனுப்பவில்லை. குறையை விளக்கி எழுதினான். தமிழில் மட்டுமன்று, வினை கடைசியில் வரும் மொழி எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் வரும், இந்தியும் ஜப்பானியமும் அப்படியே என்று உதாரணம் காட்டினான். நான் திருத்தித் தரலாமா என்று கேட்டான். பராமரிப்பவர் ஐரோப்பாவில் எங்கோ இருப்பவர். மூன்று கேள்வி கேட்டார். இரண்டுக்கு விடை தெரிந்தது. மூன்றாவது கேள்விக்கு, 'எனக்குத் தெரியவில்லை, படித்துச் சொல்லுகிறேன்' என்று எழுதச் சொன்னோம். அப்படி எழுதினால் மதிப்புக் குறையும் என்று அவன் தயங்கினான். எழுதினான், குறையவில்லை. மூன்று வாரம், நான்கு முறை திருப்பி அனுப்பித் திருத்தம். கடைசியில் ஏற்றார்கள். மொத்தம் மாறியது பதினோரு வரி. 'மிக எளிய' என்று எழுதிய அதே பெயர், அதே படம், அந்தப் பதினோரு வரிக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.

இவ்வளவு சிறிய வேலைக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். பெரிய அறிஞராகிய டானல்ட் கனூத், தம் நூல்களில் அச்சுப்பிழை ஒன்றை முதலில் சுட்டிக்காட்டுபவருக்குக்கூட 2 டாலர் 56 சென்ட் வெகுமதி என்று அறிவித்து, கையெழுத்திட்ட காசோலைகளை அனுப்பி வந்திருக்கிறார். பெற்றவர்களில் பலர் அதை வங்கியில் போடாமல் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். பிழை சிறியதா பெரியதா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. மெய்யான பிழையா, கண்டவர் மெய்யாகவே படித்தாரா என்பதே கேள்வி.

ஆகவே கல்லூரிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தகப்பனாருக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டுவதில்லை. பிள்ளை அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருளிலிருந்தே தொடங்கலாம்; பயன்படுத்தாத வீட்டின் ஓட்டை நமக்கு எப்படித் தெரியும்? சென்னையில் 1998 முதல் லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கி வந்திருக்கிறது. கூட்டத்தில் போய் உட்கார்ந்து கேட்டே தொழில் கற்றவர்கள் பலர். இத்தகைய குழுக்கள் வேறு பெருநகரங்களிலும் உண்டு. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கல்யாணங்களுக்கு அழைத்துப் போவதைப்போல ஒரு நாள் அங்கேயும் அழைத்துப் போகலாம். தமிழில் படிக்க வேண்டுமானால் 2012-இல் தொடங்கிய 'கணியம்' என்னும் மின்னிதழ் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைப் பற்றியே நடத்தப்படுவது.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் உதவியுடன், ஃபாஸி என்றொரு திட்டம் நடைபெறுகிறது. பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா அவர்கள் முன்னின்று வளர்த்தது. அதில் நமக்கு மிகவும் பிடித்தது பாடநூல் துணை என்னும் ஏற்பாடு. மாணவர் தாம் எப்படியும் படித்தாக வேண்டிய பொறியியற் பாடநூல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் செய்து காட்டியுள்ள கணக்குகளுக்கெல்லாம் சைலாப் போன்ற திறந்த மூலக் கருவியில் நிரல் எழுதித் தருகிறார். அறிந்தவர்கள் சரிபார்த்துப் பிறர் பயன்படுத்த வெளியிடுகிறார்கள். தேர்வுக்குப் படித்ததும் ஆயிற்று, நாலு பேருக்குப் பயன்பட்டதும் ஆயிற்று. அதே கழகத்தின் பேசும் பாடங்கள் பத்து நிமிஷ அளவில் இந்திய மொழிகள் பலவற்றில் கிடைக்கின்றன, தமிழிலும் உண்டு. ஆங்கிலத்தில் தடுமாறும் பிள்ளை வீட்டிலேயே கேட்டுக் கற்கலாம்.

"இதிலே காசு உண்டா?" என்று கேட்கும் பெற்றோரை நாம் குறை சொல்ல மாட்டோம். கடன் வாங்கிப் படிக்கவைத்தவருக்கு அந்தக் கேள்விக்கு உரிமை உண்டு. விடை, பெரும்பாலும் இல்லை என்பதே. கூகுள் நிறுவனம் 2005 முதல் கோடைக்காலத் திட்டம் ஒன்றை நடத்தி, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துவருகிறது. இந்திய மாணவர்கள் பெருந்தொகையாக அதில் பங்கு பெறுகிறார்கள். 2022 முதல் மாணவரல்லாத புதியவர்களும் சேரலாம். அவுட்ரீச்சி என்னும் வேறொரு திட்டமும் உதவித்தொகையோடு இருக்கிறது. தொழில்நுட்பத் துறையில் வாய்ப்புக் குறைந்தவர்களுக்கென்று ஏற்பட்டது. ஆனால் இவற்றில் இடம் கேட்பவர் முன்பே அந்த வீட்டில் ஏதேனும் ஒரு சிறு வேலை செய்து முகம் தெரிந்தவராயிருப்பது நல்லது. விண்ணப்ப மாதம் வந்தபின் ஓடுவது, முகூர்த்தத்தன்று பெண் பார்க்கப் போவதைப் போன்றது. மத்திய அரசே 2015-இல், தன் அலுவலகங்கள் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று கொள்கை வெளியிட்டிருக்கிறது. ஆகவே இந்த அனுபவம் வீண்போகும் என்று அஞ்ச வேண்டாம். வேலை கிடைத்தே தீரும் என்று உறுதி கூறவும் நாம் துணியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது கேட்டதை எழுதிக் கொடுக்கும் செயற்கை அறிவு இயந்திரங்கள் வந்துவிட்டன. பிழையைத் தானே கண்டதாகப் பாவனை செய்து, இயந்திரம் எழுதியதை அப்படியே அனுப்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கர்ல் என்னும் மென்பொருளைப் பல்லாண்டுகளாகப் பேணிவரும் டேனியல் ஸ்டென்பர்க், பார்வைக்கு ஒழுங்காக இருந்து உள்ளே ஒன்றுமில்லாத இத்தகைய அறிக்கைகளால் நேரம் பாழாவதைப்பற்றி 2024-இலேயே வெளிப்படையாக எழுதினார். 2020-இன் வெள்ளம் வேறு வடிவத்தில் வருகிறது. இயந்திரத்தின் உதவியைப் பெறுவது குற்றமன்று. அனுப்பியதில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று கேட்டால் பிள்ளை சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாததை அனுப்பக் கூடாது. அனுப்புவதற்கு முன் அந்தக் கேள்வியை வீட்டிலேயே ஒரு முறை கேட்டுவிடலாம். கேட்பதற்கு நமக்கு நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட வேலை இருக்கிறது. மொசில்லா நிறுவனத்தார் 2017-இல் தொடங்கிய பொதுக்குரல் என்னும் திட்டத்தில், திரையில் வரும் வாக்கியத்தை உரக்கப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். பிறர் படித்தது சரியா என்று கேட்டும் சொல்லலாம். மனிதப் பேச்சைப் புரிந்துகொள்ளும் பொறிகளை எவரும் அமைப்பதற்கு அந்தக் குரல்கள் பொதுச் சொத்தாகச் சேர்த்துவைக்கப்படுகின்றன. தமிழும் அதில் உண்டு. தொலைபேசி ஒன்று போதும். டில்லியிலும் சூரத்திலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் தமிழ் ஒலிப்பைப் பற்றி ஊரிலே சிரிக்கிறார்கள். அந்த ஒலிப்பும் சேரட்டுமே! சேராவிட்டால், நாளைக்குத் தமிழ் கேட்கும் பொறி வந்தாலும் அது நம் வீட்டுப் பிள்ளை பேசுவதைப் புரிந்துகொள்ளாது.

நம் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் ஒரு பெண் இருக்கிறாள், பதினோராம் வகுப்பு. அவள் தாயார் மதுரையில் தமிழ் படித்தவர். இங்கே வந்தபின் அந்தப் படிப்புக்கு வேலையில்லாமல் போயிற்று. மேல்மாடிப் பையன், இப்போது வேலைக்குப் போய்வருபவன், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர்கள் இருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து வழி காட்டுகிறான். தாய் சொல்லச் சொல்ல மகள் தட்டெழுதுகிறாள். இதுவரை நான்கு வாக்கியங்கள் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டை ஏற்றுக்கொண்டார்கள். ஒன்றில் சந்திப்பிழை என்று திரும்பி வந்தது. தாயாருக்குக் கோபம், பிழை இல்லை என்று இலக்கணம் காட்டிப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறார். நாலாவதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஒன்பது நாளாகிறது. "நினைவூட்டலாமா மாமா?" என்று அந்தப் பெண் நேற்றுக் கேட்டாள். இன்னும் ஐந்து நாள் பொறு என்று சொல்லியிருக்கிறோம்.